தாழை சாய்ந்த இடம்

மார்ச் 2, ஞாயிறு

எழுதத் தொடங்கும் முன் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்று தெரியவில்லை. இந்த நோட்டிடம் என்று வைத்துக்கொள்கிறேன். குரூப் நான்கு தேர்வுக்குக் குறிப்பெடுக்க அம்மா வாங்கித் தந்த நோட்டு இது. முதல் எட்டுப் பக்கங்களில் இந்திய ஆறுகள் ஓடுகின்றன. ஒன்பதாம் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதுவது திருட்டுத்தனமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் காகிதம் என்றால் ரேஷன் கார்டு, அப்பா மங்களூர்ப் படகில் வேலை செய்வதற்கான அடையாள அட்டை, என் பட்டச் சான்றிதழ். இவற்றைத் தவிர யாரும் எதையும் எழுதி வைத்ததில்லை.

ஆனாலும் இன்று எழுத வேண்டும். என் கவிதைக்கு முதல் பரிசு வந்திருக்கிறது. மதுரையிலிருந்து வரும் ஒரு சிறு பத்திரிகை நடத்திய போட்டி.

அம்மா கடலில் முங்கிப் பாசி எடுத்துவிட்டு மதியம் வந்தாள். பாறையில் அறுபட்ட விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டபடியே சொன்னேன்.

"என்ன பாட்டு?"

"கவிதைம்மா. கடலப் பத்தி."

"கடலப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். இருபத்திரண்டு வயதாகிறது, முழங்காலுக்கு மேல் நான் கடலில் நின்றதில்லை. "நீ எறங்குனா படிப்பும் கூடவே எறங்கிரும்" என்று சொல்லியே வளர்த்தாள். அம்மாவோடு பாசிக்குப் போகும் மற்ற ஐந்து பேரின் பெண்களும் பன்னிரண்டு வயதில் கண்ணாடி மாட்டி முங்கினார்கள். நான் பஸ் ஏறினேன்.

அடுத்த விரலை எடுத்தேன்.

மார்ச் 5, புதன்

இந்தக் கவிதை எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன். பரிசளிப்பு விழாவில் கேட்பார்களாம்.

கல்லூரியில் நெய்தல் திணை நடத்தியபோது வகுப்பில் நான் ஒருத்திதான் கடற்கரைப் பெண். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல், கரு, உரி என்று மூன்று பொருள். முதலில் நிலத்தையும் பொழுதையும் நிறுத்த வேண்டும். பிறகு அங்கே வாழும் பறவையும் மரமும். அவை எல்லாம் தத்தம் இடத்தில் நின்ற பிறகு, மனசு தானே வந்து உட்காரும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. கூச்சமுள்ளவர்களுக்கென்றே செய்த வடிவம். என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

மூன்று வருடம் எழுதிப் பார்த்தேன். அலை, நிலா, படகு. எந்த ஊர்க் கடலாகவும் இருந்தது. என் கடலாக இல்லை.

போன தை மாதம் ஒருவர் மணலில் கால் கட்டைவிரலால் வரைந்து காட்டினார். கடலில் பெயர்ப்பலகை கிடையாது. கரையில் தெரியும் இரண்டு பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக நேராக நிறுத்துவது ஒரு கோடு. பக்கவாட்டில் இன்னும் இரண்டை நிறுத்துவது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம். அதற்குக் கணியம் என்று பெயர். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முதற்பொருளை இதைவிடத் துல்லியமாக யாரால் நிறுத்த முடியும்?

அன்று மாலையே எழுதிவிட்டேன். அகவல் மாதிரி. இலக்கணப்படி முழுக்கச் சரியா என்று தெரியாது.

வெள்ளைத் தொட்டியின் தோளில் கோபுரம்
பிள்ளை போல ஏறி நிற்க,
உடைந்த பாலத்து மூன்றாம் காலில்
தாழை சாய்ந்து தலைசீவும் இடத்தில்
மூச்சை அடக்கி இறங்குவாள் தோழி.
கைக்கு வந்ததைக் கரைக்குத் தருவாள்,
மூச்சுக்கு வந்ததை யாருக்குத் தருவாள்?

நான்காம் வரியில் முதலில் பனை என்று போட்டுப் பார்த்தேன். ஓசை அமரவில்லை. தாழை என்றதும் அமர்ந்தது. உண்மையில் கரையில் அந்தக் கோட்டில் நிற்பதும் தாழைதான்.

மார்ச் 9, ஞாயிறு

விழா. மேடையில் என் பெயரைச் சொன்னார்கள். வேல்க்கனி என்று என் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டது இதுவே முதல்முறை. காகிதத்தை எடுத்தேன். தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. தொகுத்து வழங்கிய பெண்மணி சிரித்துக்கொண்டே வாங்கி, மிக அழகாகப் படித்தார். கைதட்டினார்கள். யாருக்கோ தட்டுவதுபோல நானும் தட்டினேன்.

என் கல்லூரித் தோழி தங்கபுஷ்பம் வந்திருந்தாள். பக்கத்து ஊரான நரிமுனை அவளுக்கு. செல்போனில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, நீயே எழுதிட்டு நீயே பேய் பாத்த மாதிரி நிக்கிற?"

"வெக்கமா இருக்குடி."

"நாளைக்கு ஸ்டேட்டஸ்ல போடுறேன். எங்க பக்கத்து ஊர்ப் பொண்ணுன்னு ஊரே பாக்கட்டும்."

சால்வை, ஐந்து புத்தகங்கள். சால்வையை அம்மா மடித்துப் பீரோவில் வைத்தாள். குளிருக்கு ஆகும் என்றாள். எங்கள் ஊரில் குளிர் ஏது?

மார்ச் 10, திங்கள்

ஸ்டேட்டஸை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்களாம். இரண்டு தடவை வீட்டுக்கு வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். கடல் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி தெரிந்தது.

மார்ச் 15, சனி

பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றும் நாள் என்பதால் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் இன்று நல்ல நாளாக இருந்திருக்க வேண்டும். விடியலில் போன வள்ளம் ஒன்பது மணிக்கே திரும்பிவிட்டது. வலைப்பைகள் ஈரமாக மட்டும் இருந்தன.

அவர்கள் பாசி எடுக்கும் இடம் அம்மாவும், நான் சித்தி என்று கூப்பிடும் பாண்டிச்செல்வியும் சேர்ந்து கண்டுபிடித்தது. 'நம்ம எடம்' என்றுதான் சொல்வார்கள். கரையில் அதன் அடையாளத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது ஆறு பேருக்கும் கட்டுப்பாடு. மரிக்கொழுந்துப் பாசி அங்கே பாறு எனப்படும் கடலடிப் பாறையே தெரியாமல் வளரும். கொழுந்தை மட்டும் கிள்ளுவார்கள், வேரைத் தொட மாட்டார்கள். வேர் இருந்தால் மூன்று மாதத்தில் திரும்பத் தழைக்கும்.

"பாறு மொட்டையடிச்சுக் கெடக்கு" என்றாள் அம்மா. "இரும்பு வச்சுச் சொரண்டியிருக்காக. வேரே இல்ல."

"நரிமுனைக்காரிகதான்" என்றாள் உமையக்கா. வாய்க்குப் பயந்து மீன் வியாபாரிகள்கூட அவளிடம் எடை குறைக்க மாட்டார்கள். "நாலு வள்ளம் நின்னுச்சே. நம்மளப் பாத்துக் கும்புடு வேற போட்டாளுக, சீர் செனத்தி கொண்டாந்த மாதிரி."

"அது இல்ல உமை. தேடிப் பாத்து வந்த மாதிரி தெரியல. நேரா அந்த எடத்துலயே நங்கூரம் போட்டிருக்காக. கணியம் தெரிஞ்சுதான் வந்திருக்காக."

பிறகு உமையக்கா, வலையை உதறிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டாள்: "நம்மள்ல நரிமுனையில பொறந்தவ யாரு?"

"என் மூஞ்சியப் பாத்தே கேளேன் உமை" என்றாள் பாண்டிச்செல்வி சித்தி.

நான் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

அரிசி ஊறப்போட்டேன். ஆட்டினேன். வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

கரை முனியசாமி முன்னால் சூடம் ஏற்றிச் சத்தியம் வைத்தார்கள். ஆறு பேரும் வரிசையாக வந்து, 'கணியத்த நான் யாருக்கும் சொல்லல' என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அம்மா முதலில் அணைத்தாள். உமையக்கா அணைத்தாள். மற்ற மூன்று பேரும் அணைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் புதுச் சூடம்.

சித்தியின் முறை வந்தது. சூடம் எரிந்துகொண்டிருந்தது. சித்தி கையை நீட்டவில்லை.

"அணை பாண்டி" என்றாள் அம்மா. குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

"நரிமுனைக்கு நான் சொல்லல."

"அதச் சொல்லிட்டு அணை."

"யாருக்கும் சொல்லலன்னுல்ல சொல்லச் சொல்றீக."

"அப்ப யாருக்குச் சொன்ன?"

சூடம் தானாக எரிந்து முடிந்து கல்லில் கறுப்பாக நின்றது. உமையக்கா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "சாமிக்கே தெரிஞ்சு போச்சு, நமக்கு என்ன?"

நாளை முதல் சித்திக்கு வள்ளத்தில் இடம் கிடையாது.

என்னை யாரும் சத்தியம் செய்யக் கூப்பிடவில்லை. நான் கடலில் இறங்காதவள். பக்கத்தில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 20, வியாழன்

தங்கபுஷ்பம் போன் செய்தாள்.

"ஒரு சேதி கேளு. எங்க அம்மாவுக்கு ஒன் கவிதை அம்புட்டுப் புடிச்சுப்போச்சு. மூணு தடவ திருப்பித் திருப்பிப் போடச் சொல்லிச்சு. கண்ண மூடிக்கிட்டே கேட்டுச்சு. எங்க அம்மா சாமி பாட்டுக்குக்கூட அப்படி உக்காராதுடி!"

தங்கபுஷ்பத்தின் அம்மாவும் பாசிக்குத்தான் போகிறார். என் தோழிக்கு ஒன்றும் தெரியாது. குரலிலேயே தெரிந்தது.

"சந்தோஷம்டி" என்றேன்.

அந்த மண்டபத்தில் நூறு பேர் கைதட்டினார்கள். நடுவராக இருந்தவர் படிமம் புதுமையாக இருக்கிறது என்றார். என் கவிதையை ஒரு சொல் விடாமல் சரியாகப் படித்தவர்கள் நரிமுனைப் பெண்கள் மட்டும்தான்.

மார்ச் 21, வெள்ளி

சொல்லிவிட வேண்டும் என்று அம்மா சோறு உண்ணும்போது எதிரில் உட்கார்ந்தேன். "என்ன புள்ள?" என்றாள். ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டேன்.

மார்ச் 24, திங்கள்

சித்தி வீட்டுக்குப் போனேன். ஒன்று கேட்க வேண்டும் என்று போனேன்.

சித்தி இறால் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, சாயங்காலம் இறக்கிவிடுகிறது. ஐஸில் கிடந்து விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"கடல்ல எறங்கினா வெரலு அறுக்கும். இங்க வெறைக்குது. அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்று சிரித்தாள். கடுங்காப்பி கொடுத்தாள். பரீட்சைக்குப் படிக்கிறேனா என்று கேட்டாள். அம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நல்லா இருக்காக."

"புது எடத்துல எறங்குறா. சொல்லி வையி, ரொம்ப நேரம் அடக்க வேணாம்னு. எண்ணிக்க மறந்துருவா அவ. நாந்தேன் எண்ணுவேன்."

பத்தொன்பது வருடமாக அம்மாவுக்கு ஜோடி சித்திதான். ஒருத்தி கீழே போனால் மற்றவள் மேலே மிதந்து மூச்சை எண்ணுவாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். கடல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தத் தாழ இப்ப அடிக்கிற காத்துக்கு இன்னும் சாஞ்சிருச்சு, தாயி. நீ எழுதுனதுக்கு மேல."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சித்திக்குத் தெரிந்திருக்கிறது. சூடத்துக்கு முன்னால் நின்றபோதே தெரிந்திருக்கிறது.

கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

மணலில் வரைந்து காட்டியது யார் என்று முன்பு ஒரு பக்கத்தில் பெயர் போடாமல் எழுதியிருக்கிறேன். இப்போது போடுகிறேன். பாண்டிச்செல்வி சித்தி. நான்தான் கேட்டுக் கேட்டு நச்சரித்தேன். இவ்வளவு தண்ணீரில் ஓரிடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், சொல்லுங்கள், கவிதை எழுத வேண்டும் என்றேன். வரைந்து முடித்துக் காலால் அழித்துவிட்டுச் சொன்னாள்: "படிச்ச புள்ள நீ. ஒங்கிட்டச் சொன்னா பொட்டியில வச்சுப் பூட்டுன மாதிரி."

மார்ச் 27, வியாழன்

பத்திரிகையிலிருந்து கடிதம். இன்னும் பத்துக் கவிதைகள் இருந்தால் சிறு நூலாகப் போடலாமாம். 'உங்கள் மண்ணின் நுணுக்கங்களோடு' என்று எழுதியிருக்கிறார்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். நண்டு வளை இருந்தது. உப்புக்கொத்திப் பறவை ஒன்று ஓடி ஓடி நின்றது. ஒரு படகின் கயிறு முளையில் மூன்று சுற்றாகச் சுற்றியிருந்தது. முன்பெல்லாம் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் சொல் தானாக வரும். இன்று ஒவ்வொன்றையும் பார்க்கும்போது இது யாருடையது, யார் எனக்குக் காட்டியது என்று தோன்றியது. உப்புக்கொத்தி என்ற பெயரே சித்தி சொல்லித் தந்தது.

தாழையை அழித்துவிட்டுப் பனை என்று எழுதிப் பார்த்தேன். பாலத்தை எடுத்துவிட்டுக் கோயில் என்று போட்டுப் பார்த்தேன். தொட்டியையும் மாற்றினேன். ஓசை கெட்டது உண்மைதான். ஆனால் அவ்வளவு ஒன்றும் கெடவில்லை. ஒரு சீர் தள்ளாடியது, அவ்வளவுதான். அதற்காகவா?

மார்ச் 30, ஞாயிறு

அம்மாவை மதியம் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மூக்கில் ரத்தம். வலது உள்ளங்கை கிழிந்திருந்தது. புது இடத்தில் வலைப்பை பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டதாம். அம்மா கீழே இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். சித்திக்குப் பதிலாகச் சேர்ந்த பெண் மேலே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசியில் அம்மா பையை அறுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினேன். படுத்திருந்தவள் கூரையைப் பார்த்துச் சொன்னாள்: "பாண்டி இருந்தா எண்ணியிருப்பா."

நான் சொன்னேன். எல்லாவற்றையும். மணலில் வரைந்தது, கவிதை, விழா, செல்போன், தங்கபுஷ்பத்தின் அம்மா கண்ணை மூடிக் கேட்டது. எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. கட்டுத்துணியின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

அம்மா கட்டுத்துணியை என் விரல்களிலிருந்து உருவிக்கொண்டாள். பிறகு, "படி" என்றாள்.

"என்னம்மா?"

"அந்தப் பாட்டப் படி."

படித்தேன். என் கவிதையை நான் வாய்விட்டுப் படித்தது இதுதான் முதல்முறை. தொண்டை அடைக்கவில்லை. அதுவும் வெட்கமாக இருந்தது. நான்காவது வரி முடிந்ததும் அம்மா கையை உயர்த்தினாள்.

"போதும். எடம் வந்திருச்சு."

அதற்குப் பின்னால்தான் அவளைப் பற்றிய வரிகள் இருந்தன. மூச்சைப் பற்றியவை. அவள் கேட்கவில்லை.

"தாழைன்னு ஏன் போட்ட? வேற மரம் கெடைக்கலியா?"

"ஓசை வரலம்மா."

"ஓசை" என்று திருப்பிச் சொன்னாள். தெரியாத ஊரின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

முனியசாமி முன்னால் ஐந்து பேரிடமும் சொன்னேன். குரல் போதவில்லை. "சத்தமாச் சொல்லு" என்று உமையக்கா இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை எல்லோருக்கும் கேட்டது.

"நல்லாப் படிக்க வச்ச மாரிக்கண்ணு" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள் உமையக்கா. "எங்க வீட்டுக் கழுதைக எல்லாம் படிக்காமக் கெடந்ததுல பாறு தப்பிச்சுச்சுன்னு இப்பல்ல தெரியுது." பிறகு என்னிடம் திரும்பினாள். "ஏன்டி, அதுல என் பேரும் வருதா?"

"இல்லக்கா."

"ஒன் ஆத்தா பேரு?"

"இல்ல."

"எங்க யாரு பேரும் இல்ல. எடம் மட்டும் இருக்கு. நல்லா இருக்குடி ஒன் கவித."

அம்மா ஒன்றும் மறுக்கவில்லை. கணியம் பார்த்து வள்ளத்தை நிறுத்துகிற முன்னிடம் இனி தனக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். உமையக்கா அதை எதிர்பார்க்கவில்லை.

எல்லோரும் சேர்ந்து சித்தி வீட்டுக்குப் போனார்கள். நான் பின்னால் போனேன். சித்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா பாண்டி. தப்பு நடந்துபோச்சு. நாளைக்கு வள்ளத்துக்கு வா" என்றாள் அம்மா.

சித்தி கடைசித் துணியையும் பிழிந்து கொடியில் போட்டாள். "சூடம் எரிஞ்சப்ப நான் ஒங்க அஞ்சு பேரு மூஞ்சியவும் பாத்தேன் மாரிக்கண்ணு. ஒருத்தி கண்ணுலயாச்சும், இவ செய்ய மாட்டான்னு இருக்கான்னு பாத்தேன். நீயும் சூடத்தத்தேன் பாத்துக்கிட்டு இருந்த." துணியை இழுத்து விட்டாள். "கம்பெனி வேன் வசதியாத்தேன் இருக்கு. வீட்டு வாசல்லயே வந்து நிக்கிது."

அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏப்ரல் 2, புதன்

பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். நூல் வேண்டாம். அந்தக் கவிதையையும் வேறெங்கும் எடுத்துப் போட வேண்டாம். காரணம் எழுதவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

நான் கெடுத்ததைச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பாறையில் வேர் இல்லை. வள்ளத்தில் சித்தி இல்லை. அம்மா நடுவில் உட்கார்ந்து போகிறாள், உமையக்கா முன்னால் நின்று கணியம் பார்க்கிறாள்.

இன்று காலை வேன் வரும் நேரத்துக்குச் சித்தி வீட்டு வாசலுக்குப் போனேன். எனக்கு முன்பே சித்தி அங்கே நின்றிருந்தாள். தாமதமாக வந்த வேன்காரரைத் திட்டினாள். சில்லறை இல்லை என்ற டீக்கடைக்காரரைத் திட்டினாள். இடித்துக்கொண்டு ஏறிய பெண்ணின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள். பிறகு சித்தி என்னைப் பார்த்தாள்.

"வாம்மா. சாப்புட்டியா?" என்றாள்.

அம்மா. தாயி இல்லை, புள்ள இல்லை. மற்றவர் வீட்டுப் பெண்களைக் கூப்பிடுவதுபோல.

"சாப்பிட்டேன் சித்தி" என்றேன். வேன் போய்விட்டது.

அதனால் இங்கே எழுதுகிறேன். சாயங்காலம் வேன் திரும்பும்போது வாசலில் போய் நின்று, இந்தப் பக்கத்தை உங்களுக்கு வாய்விட்டுப் படிப்பேன் சித்தி. மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். வள்ளத்துக்கு வாருங்கள் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. அன்று கடுங்காப்பி குடித்துவிட்டுக் கேட்காமல் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

என்னைத் திட்டுங்கள் சித்தி. உங்கள் சொந்தப் பிள்ளையைத் திட்டுவதுபோல, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒரு தடவை.